எட்டு மணிப் பசிக்கு ஞாயிற்றுக்கிழமையே மாவரைத்து வைப்பது எப்படி?

கோவை காந்திபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி அறைக்கு நடக்கிற வழியில் ஒரு தள்ளுவண்டிக் கடை இருக்கிறது. நம் ஊரில் பாஸ்ட் புட் என்றால் ஏசி போட்ட பர்கர் கடை யாருக்கும் நினைவுக்கு வராது. இரும்புச் சட்டியில் கரண்டி டங் டங்கென்று மோத, பிரைடு ரைஸும் நூடுல்ஸும் புரள்கிற இந்த வண்டிதான் வரும். என்னைத் தூரத்தில் பார்த்ததுமே கடைக்கார அண்ணன், "என்ன தம்பி, அதேதானுங்களா?" என்பார். தலையாட்டுவேன். எக் ரைஸ், 110 ரூபாய்.

அவரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. நல்ல கைப்பக்குவம் உள்ளவர். ஆனால் யோசித்துப் பார்த்தால், நான் ருசிக்காக மட்டும் அங்கே நிற்கவில்லை. எட்டு மணிக்குப் பசித்த வயிற்றோடு வரும்போது தயாராக இருந்த ஒரே சாப்பாடு அதுதான். அதே எட்டு மணிக்கு அறையிலும் ஏதாவது தயாராக இருந்தால் கதை மாறும். அதற்கான ஏற்பாட்டைத்தான் கீழே சொல்கிறேன். ஒரு அடுப்பு, மிக்ஸி, சின்ன குக்கர், தோசைக்கல், பிரிட்ஜில் கொஞ்சம் இடம் இருந்தால் போதும். சமையலே தெரியாதவர்களும் செய்யலாம்.

1. முதலில் போனை எடுங்கள்

ஜிபே கணக்கைத் திறந்து போன மாதம் எத்தனை ராத்திரி வெளியே சாப்பிட்டோம் என்று எண்ணுங்கள். வாரத்துக்கு இரண்டு நாள் இருக்கும் என்று நினைத்திருந்தேன். 19 முறை வந்தது. 2,090 ரூபாய். கூடவே வாங்கிக் குடித்த கூல்டிரிங்ஸ் இதில் சேர்த்தி இல்லை.

2. தட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

எல்லாரும் அஜினமோட்டோவைத்தான் திட்டுவோம். நான் பயப்படுவது சாதாரண உப்புக்கும் எண்ணெய்க்கும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் மட்டுமே 2 கிராமுக்கு மேல் உப்பு இருக்கிறது. அதற்கு மேல் தூள் உப்பு, சில்லி சாஸ், தொட்டுக்கொள்ள கெட்சப்.

எண்ணெய்க்கும் ஒரு கணக்கு உண்டு. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 2,000 கலோரி சாப்பிடுகிற ஒருவருக்கு நாளொன்றுக்கு எண்ணெயும் கொழுப்பும் சேர்த்து 27 கிராம் போதும் என்று இருக்கிறது. இரண்டு மேசைக்கரண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆளுக்கு மாதம் ஒரு லிட்டர் பாக்கெட் தீரக் கூடாது! இனி கடையில் நிற்கும்போது சட்டியில் எவ்வளவு எண்ணெய் விழுகிறது என்று ஒரு முறை கவனியுங்கள்.

கோபி மஞ்சூரியனின் சிவப்பு தனிக் கதை. 2024 மார்ச்சில் கர்நாடக அரசு அதில் செயற்கை நிறம் சேர்ப்பதற்கே தடை போட்டது. அதற்கு முந்தைய மாதம்தான் தமிழ்நாட்டில் ரோடமின்-பி சாயத்துக்காகப் பஞ்சுமிட்டாயைத் தடை செய்திருந்தார்கள். விரலில் சிவப்பு ஒட்டினால் நான் தட்டை வைத்துவிடுவேன்.

3. கம்பு தோசை மாவு

உண்மையான வேலை இதுதான். நிதானமாகச் செய்யுங்கள். கம்பு 2 டம்ளர், இட்லி அரிசி 1 டம்ளர், முழு உளுந்து அரை டம்ளர், வெந்தயம் 1 டீஸ்பூன். ஒருவருக்கு வார நாட்களின் இரவுச் சாப்பாட்டுக்கு இது தாராளம்.

ஞாயிறு காலையில் கம்பைப் பாத்திரத்தில் போட்டு நிறையத் தண்ணீர் ஊற்றிக் கலக்குங்கள். உமியும் தூசியும் மேலே மிதக்கும், வடித்துவிடுங்கள். நான்கைந்து முறை கழுவ வேண்டும். கடைசியில் பாத்திரத்தை லேசாகச் சாய்த்து ஆட்டி ஆட்டி, மேலாகக் கம்பை மட்டும் வேறு பாத்திரத்துக்குத் தள்ளுங்கள். அடியில் சின்னச் சின்னக் கற்கள் தங்கும். இதைத்தான் அரிப்பது என்பார்கள். அம்மா செய்யும்போது வித்தை மாதிரி தெரியும். இரண்டு வாரம் செய்தால் நமக்கும் கை பழகிவிடும். கம்பும் அரிசியும் ஒன்றாக, உளுந்தும் வெந்தயமும் தனியாக, எட்டு மணி நேரம் ஊறட்டும். கம்பின் தோல் கெட்டி என்பதால் அவசரப்பட்டால் மாவு நறநறவென்று இருக்கும்.

மாலையில் அரைக்கலாம். கிரைண்டர் இல்லையே என்று கவலை வேண்டாம். மிக்ஸியில் மாவு சூடேறிவிடும், அதுதான் சிக்கல். பிரிட்ஜ் தண்ணீர் ஊற்றி, விட்டு விட்டு ஓட்டுங்கள். முதலில் உளுந்து. ஒரு கிண்ணத் தண்ணீரில் ஒரு சொட்டு மாவு விட்டால் மிதக்க வேண்டும். மூழ்கினால் இன்னும் கொஞ்சம் ஓட்டுங்கள். அடுத்து கம்பும் அரிசியும், மெல்லிய ரவை பதத்தில். இரண்டையும் உப்புப் போட்டு, கரண்டி வேண்டாம், கையாலேயே கலக்குங்கள்.

அப்புறம், பாத்திரத்தில் பாதி அளவுக்குத்தான் மாவு இருக்க வேண்டும். முதல் வாரம் நான் கழுத்து வரை ஊற்றி மூடிவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் மூடி ஒரு பக்கம், மாவு மேடையிலிருந்து தரை வரை, அதில் எறும்பு வரிசை. ஆபீசுக்கு அரை மணி நேரம் லேட்.

எட்டிலிருந்து பத்து மணி நேரத்தில் பொங்கிவிடும். சித்திரை வெயிலில் ஆறேழு மணி நேரமே போதும், மார்கழியில் இன்னும் கூட ஆகும். பொங்கியதும் பிரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள்.

4. பாசிப்பயறு கடைசல்

கொங்கு வீடுகளில் இதற்கு அறிமுகம் தேவையில்லை. முக்கால் டம்ளர் பச்சைப்பயறை வெறும் சட்டியில் வாசம் வரும் வரை வறுத்துக் கழுவுங்கள். குக்கரில் போட்டு சின்ன வெங்காயம் பத்து, தக்காளி இரண்டு, பூண்டு நான்கு பல், பச்சைமிளகாய், சீரகம், கொஞ்சம் கொத்தமல்லி விதை, இரண்டரை டம்ளர் தண்ணீர் சேர்த்து நான்கைந்து விசில் விடுங்கள். உப்புப் போட்டு மத்தால் கடைந்தால் முடிந்தது. கடுகும் கறிவேப்பிலையும் தாளிக்க ஒரு டீஸ்பூன் எண்ணெய் போதும். ஞாயிறு செய்தது செவ்வாய் வரை பிரிட்ஜில் இருக்கும். புதன்கிழமை மறுபடி ஒரு முறை வையுங்கள்.

5. எட்டு மணிக்குச் செய்ய வேண்டியது

உள்ளே வந்ததும் சட்டையைக் கூட மாற்றாமல் கல்லை அடுப்பில் வையுங்கள். அன்றைக்கு வேண்டிய மாவை மட்டும் தனியே எடுத்து, ஒரு கேரட்டையோ கைப்பிடி முருங்கைக்கீரையையோ அதிலேயே கலந்துவிடுங்கள். காய்கறி நாளுக்கு 400 கிராம் என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது. தனியாகப் பொரியல் செய்யச் சலிக்கிறவர்களுக்கு இது குறுக்கு வழி. முகம் கழுவி வருவதற்குள் கல் காய்ந்திருக்கும். நான் நேரம் பார்த்திருக்கிறேன். மூன்று தோசைக்கு 12 நிமிடம் ஆகிறது. வண்டிக்கடையில் என் முறை வர அதைவிட அதிக நேரம் நின்றிருக்கிறேன்.

6. கடைக்குப் போகிற நாள்

சனிக்கிழமை எனக்குப் பரோட்டா. மைதா என்பது தவிடும் முளையும் நீக்கிய கோதுமை மாவு, நார்ச்சத்து போய்விட்ட மாவு, அவ்வளவுதான். அது விஷம் என்று வாட்ஸப்பில் வருவதையெல்லாம் நான் நம்புவதில்லை. வாரம் ஒரு நாள் இரண்டு பரோட்டா, கூட ஒரு ஆம்லெட், சால்னா அளவாக. எக் ரைஸ்தான் வேண்டுமென்றால் "சாஸ் கம்மி, எண்ணெய் கம்மி, முட்டை ரெண்டு" என்று சொல்லிப் பாருங்கள். என் அண்ணன் முதலில் சிரித்தார். இப்போது கேட்காமலே அப்படித்தான் போடுகிறார்.

ஞாயிறு காலை மாவு மிச்சம் இருந்தால் நன்றாகப் புளித்திருக்கும். பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சைமிளகாய் போட்டுத் தடிமனாக ஊத்தப்பம் ஊற்றுங்கள். ஒரு பக்கம் அது வேகட்டும், மூடி போட்டுவிட்டு அந்த ஐந்து நிமிடத்தில் அடுத்த வாரத்துக் கம்பை அரித்து ஊறப் போட்டுவிடலாம்.