5 எச்.பி மோட்டர் 9.5 எச்.பி தந்த கதை: ஷாஃப்ட் வலு கணக்குப் பாக்கிறது எப்பிடி

சம்மாந்துறைப் பக்கம் மாமாட மா அரைக்கிற மில்லில, மெசின் ஷாஃப்டுக்கு (மில்லச் சுத்துற தண்டுக்கு) உண்மையில எவ்வளவு வலு வருது எண்டு பாக்கணும் எண்டார். சூத்திரம் ஏஎல்லில படிச்சதுதான்:

வலு = 2 × 3.1416 × நிமிசத்துக்குச் சுத்து × டோர்க் ÷ 60

டோர்க் எண்டா ஷாஃப்ட சுத்த வைக்கிற முறுக்கு, அத நியூட்டன் மீட்டரில போட்டா விடை வாட்டில வரும்.

முதல்ல டோர்க். மோட்டரில இருந்து பெல்ட்டால சுத்துற அந்த மில் ஷாஃப்டில 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள ட்ரம் ஒண்டப் பூட்டி, கயித்த அதுக்கு அடியால குடுத்து ரெண்டு நுனியையும் மேல வளையில ரெண்டு தராசில கொழுவினன். நைலோன் கயிறு வேணாம், உருகிப்போகும், தும்புக் கயிறுதான் நல்லம். தராசும் மீன்காரர் வச்சிருக்கிற வட்ட முள்ளுத் தராசுதான் என்ட சொய்ஸ், டிஜிட்டல் எண்டா அதிர்வில நம்பர் நிண்டாத்தானே வாசிக்கிறதுக்கு. மோட்டர் லேபிளில இருக்கிற ஆம்பியர் வரும் வரைக்கும் கயித்த இறுக்கினன். ஒரு தராசு 40 கிலோ, மற்றது 10. வித்தியாசம் 30 கிலோ, அத 9.81 ஆல பெருக்கினா 294.3 நியூட்டன். ஆரை 150 இல்ல, 20 மில்லிமீட்டர் கயித்துட பாதியையும் சேக்கணும், 160. அப்ப 294.3 × 0.16 = 47.1.

சாரனத் தூக்கிக் கட்டிட்டுக் கிட்டப் போங்க. வாற வலு முழுக்க ட்ரம்மில சூடாத்தான் போகும், ரெண்டு கரண்ட் கேத்தில் கொதிக்கிற அளவு, அதால ஒரு நிமிசத்துக்கு மேல ஓட்டாதீங்க.

இனித்தான் நான் விழுந்த குழி. டேகோமீட்டரப் (சுத்து எண்ணுற லேசர் மீட்டர்) பிடிக்க மோட்டர் பக்கம் லேசா இருந்திச்சு, அங்க பிடிச்சன், 1440. கணக்குப் போட்டா 7100 வாட்! ஒரு எச்.பி (குதிரை வலு) 746 வாட், அதால பிரிச்சா 9.5 எச்.பி. மோட்டரில எழுதியிருக்கிறது 5. மாமா சிரிச்சிட்டு, "மிச்சம் நாலரையையும் தாங்க மருமகன், வீட்டுப் பம்புக்கு வேணும்" எண்டார். கயித்தில திரும்பத் திரும்ப பிழை தேடி ஒரு பின்னேரம் போச்சு. பிழை கயித்தில இல்ல, டோர்க் எடுத்தது மில் ஷாஃப்டில, சுத்து எடுத்தது மோட்டரில. மோட்டர் புல்லி 5 இஞ்சி, மில் புல்லி 10 இஞ்சி, அப்ப சுத்து பாதியாகும், டோர்க் ரெண்டு மடங்காகும், வலு மட்டும் கூடாது. ரெண்டையும் ஒரே ஷாஃப்டில எடுக்கணும், அவ்வளவுதான். மில் ஷாஃப்டில பிடிச்சா 710 (720 வரணும், பெல்ட் கொஞ்சம் வழுக்குது). இப்ப 3500 வாட், 4.7 எச்.பி. சரி.

கெதியாப் பாக்கணுமா, டோர்க்கையும் சுத்தையும் பெருக்கி 9550 ஆல பிரிங்க, நேரா கிலோவாட்.

பிறகு சேத்தது: ஒரு தம்பி தனக்கு டேகோமீட்டர் 6000 காட்டுது எண்டு கேட்டிருந்தார். லேசர் பட்டுத் தெறிக்கிற ஸ்டிக்கர ஷாஃப்டில ஒட்டினீங்களா எண்டு கேட்டன், ஒட்டினதாம். பிறகுதான் பாத்தா மேல ரியூப் லைட். நம்மட கரண்ட் 50 ஹேர்ட்ஸ், பழைய ரியூப் செக்கனுக்கு 100 தரம் மினுங்கும், நிமிசத்துக்கு 6000, லேசர் டேகோ அதையும் எண்ணிப்போடும். லைட்ட நூத்துட்டுப் பிடிங்க தம்பி.