வழுக்கியாத்தைத் திருத்த வெளிக்கிடுறம் எண்டால் இந்தப் பிழையளை விடாதேங்கோ

யாழ்ப்பாணத்தில ஆறு எண்டு சொல்ல எங்களிட்டக் கிடக்கிறது வழுக்கியாறு ஒண்டுதான். அதுவும் மாரிக்கு மட்டும் ஓடும், தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி கந்தரோடை, சண்டிலிப்பாய் எண்டு குளங்களையும் வயலையும் தொட்டுக்கொண்டு வந்து அராலியில கடனீரேரியில விழும்.

ஒருநாள் சிரமதானம் வைச்சு, பெக்கோ (மண் தோண்டுற மிசின்) விட்டு வழிச்சு, படமும் போட்டால் ஆறு திருந்தீட்டுது எண்டு நினைக்கிறதுதான் முதல் பிழை. எங்கட பக்கத்திலயும் ஒருக்கால் அப்பிடித்தான் செய்தம், அடுத்த மாரிக்கே பழையபடி பம்பஸும் சொப்பிங் பாக்கும் வந்து மதகை அடைச்சிட்டுது, பாக்க அழுகையே வந்திட்டுது. குப்பை ஆத்தில பிறக்கேல்ல, மேல இருக்கிற ஒழுங்கை, வாய்க்கால், சந்தை எல்லாத்திலயும் இருந்துதான் வருது, அங்க மறிக்காமல் இஞ்ச அள்ளி வேலையில்லை.

பெக்கோவால ஆழமாத் தோண்டுறதும் கரைப் பத்தையளை மொட்டையா வழிக்கிறதும் கூடாது. அந்தப் புல்லுப் பத்தைதான் தோட்டத்து மண்ணை மறிச்சு வைச்சிருக்கிறது.

எல்லாத்தையும் விட எனக்குப் பயமான பிழை, தெளிஞ்ச தண்ணியெல்லாம் நல்ல தண்ணி எண்டு நம்புறது. எங்கட நிலத்துக்குக் கீழ சுண்ணாம்புக்கல்லு, முழுக்க வெடிப்பும் பொந்தும், அதால வெங்காயத் தோட்டத்துக்குக் கூடப்போட்ட யூரியாவும் மலகூடக் குழித் தண்ணியும் ஆத்தோட நிக்காது, கிணத்துக்கும் போகும். அதுகளில இருந்து தண்ணியில கரையிற நைத்திரேற்று எண்ட உப்பு கண்ணுக்கும் தெரியாது வாய்க்கும் தெரியாது, கொதிக்க வைச்சாலும் போகாது, தண்ணி வத்த வத்தக் கூடத்தான் செய்யும். குடிதண்ணியில லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல போனால் புட்டிப்பால் குடிக்கிற பச்சைப்பிள்ளையளுக்கு ஆபத்து.

அடுத்தது அளக்கிற விசயம். வேலை தொடங்க முதலே தண்ணியைச் சோதிக்காட்டி பிறகு திருந்தினதோ இல்லையோ எண்டு எப்பிடிச் சொல்லுறது? ஒவ்வொரு வருசமும் அதே மதகடியில, முதல் மழை வெள்ளத்தில ஒருக்கால், நடு மாரியில ஒருக்கால், வத்தேக்க ஒருக்கால் எடுங்கோ. முதல் வெள்ளத்தைத் தவற விடாதேங்கோ, கோடை முழுக்கச் சேர்ந்த ஊத்தை அதிலதான் வரும். மழை எவ்வளவு பெஞ்சது எண்டும் கொப்பியில எழுதுங்கோ, இல்லாட்டி நல்ல மழை பெஞ்ச வருசம் தண்ணி கலந்து குறைஞ்சதை நாங்கள் திருத்தினதெண்டு நினைச்சிடுவம். கிருமி பாக்கிற போத்தலை ஐஸ்பெட்டியில வைச்சு அண்டைக்கே லாப்பில குடுக்க வேணும். கடல்தண்ணி உள்ள வராமல் மறிக்கிற அராலி அணைக்கு மேல எடுத்ததையும் கீழ எடுத்ததையும் ஒண்டாச் சேர்த்துப் பாக்காதேங்கோ, கீழ உப்புத்தண்ணி.