மினிக்ஸில் கம்பைலர் பாதியில் விழுந்தால்

பழைய மினிக்ஸ் இயங்குதளத்தை (1987-இல் டேனன்பாம் வெளியிட்டது) எமுலேட்டரில் (பழைய கணினியைப் போல நடிக்கும் மென்பொருள்) ஓட்டிப் பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. சின்ன நிரல் ஒழுங்காகக் கம்பைல் ஆகும். கொஞ்சம் பெரிய கோப்பைக் கொடுத்தால் கம்பைலரே செத்துவிழும். உங்கள் கோடில் தப்புத் தேடி ராத்தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

அங்கே ஒரு நிரலுக்கு எவ்வளவு நினைவகம் என்பது அது தொடங்கும்போதே முடிவாகிவிடும். ஸ்டாக் (ஃபங்ஷன் அழைப்புகளுக்கான இடம்) மேலிருந்து இறங்கும், ஹீப் (நிரல் ஓடும்போது கேட்டு வாங்கும் இடம்) கீழிருந்து ஏறும். நடுவில் விட்ட இடைவெளி தீர்ந்தால் கதை முடிந்தது. எத்தனை மெகாபைட் ராம் சும்மா கிடந்தாலும் ஒரு பைட் கூடக் கிடைக்காது. அந்த இடைவெளியின் அளவு நிரல் கோப்பின் தொடக்கத்தில் உள்ள ஹெடர் பகுதியில்தான் எழுதியிருக்கும். அதை மாற்றத்தான் 'சிஎச்மெம்' (chmem) கட்டளை. ரூட்டாக (எல்லா அதிகாரமும் உள்ள பயனராக) நுழைந்து, விழுகிற கம்பைலர் கட்டம் எதுவோ அதற்கு மட்டும் கூட்டுங்கள். கம்பைல் செய்ய நீங்கள் கொடுக்கும் 'சிசி' (cc) கட்டளை அந்தக் கட்டங்களை ஓட்டிவிடும் வெறும் மேஸ்திரி. அதற்குக் கூட்டிப் பயனில்லை. மாற்றும் முன் அந்தக் கட்டத்தின் நிரல் கோப்புக்கு ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

ஆசைப்பட்டு அள்ளிக் கொடுக்காதீர்கள். 16 பிட் பதிப்பில் டேட்டாவும் ஸ்டாக்கும் சேர்ந்து 64 கிலோபைட்தான் உச்சம். தவிர, ஒன்றுக்கு அதிகம் ஒதுக்கினால் இன்னொன்று தொடங்க இடமிருக்காது. அப்படி மொத்த நினைவகமே நெருக்கடியானால் 'சிசி'க்கு பெரிய எழுத்து எஃப் கொடியை (-F) கொடுங்கள்: பைப்புக்குப் (ஒரு நிரலின் வெளியீட்டை நேராக அடுத்ததற்கு ஊட்டும் இணைப்பு) பதில் கோப்பு வழியாக, கட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். மெதுவாகத்தான் முடியும், ஆனால் முடியும்.