பெரிய கோயில் விமானம் சாயாமல் படம் எடுப்பது எப்படி?

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முதல் முறை போய்விட்டு வந்து படங்களைப் பார்த்தால், எல்லாவற்றிலும் விமானம், அதாவது கருவறைக்கு மேலுள்ள கோபுரம், பின்பக்கம் சாய்ந்து கிடந்தது. அப்புறம் நான்கு முறை போய்த்தான் வழி பிடிபட்டது. போன் கேமராவே போதும். உயரமான எந்தப் பழைய கட்டடத்துக்கும் இதே முறைதான்.

முதலில் செட்டிங்ஸ். கிரிட் கோடுகளை ஆன் செய்யுங்கள். லென்ஸைத் துடையுங்கள்.

அடுத்தது வெயில். கோயில் கிழக்கு பார்த்தது. முகப்பு வேண்டுமானால் காலையில் போங்கள், விமானத்தின் பின்புறம் வேண்டுமானால் மாலையில். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் தென்புறச் சிற்பங்களுக்கு நல்ல வெளிச்சம் கிடைக்கும், வடபுறம் நிழலிலேயே இருக்கும். வடபுறத்தில் வெயில் விழ ஆனி மாதம் போக வேண்டும். உச்சி வெயில் வேண்டவே வேண்டாம், வெறுங்காலோடு அந்தக் கல்தரையில் நிற்க முடியாது.

இனி, நான் மாட்டிக்கொண்ட இடம். விமானத்தின் உச்சி தெரியவேண்டும் என்று போனை அண்ணாத்திப் பிடிக்கிறோம் அல்லவா, சாய்வு அங்கேதான் வருகிறது. போன் சாய்ந்ததும் பக்கவாட்டுக் கோடுகள் மேலே போகப் போகக் குவிந்துவிடுகின்றன. போனை நெட்டுக்குத்தாகப் பிடித்தால் கோடுகளும் நெட்டுக்குத்தாக நிற்கும்.

ஆனால் அப்படிப் பிடித்தால் நம் கண்மட்டம் படத்தின் நடுவில் விழும். கீழ்ப்பாதி முழுக்கத் தரை. சுமார் 66 மீட்டர் உயர விமானம் மேல்பாதிக்குள் மட்டுமே அடங்க வேண்டும். சாதாரண 1x லென்ஸில் அதற்கு 90 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். திருச்சுற்றின், அதாவது மதிலுக்குள் இருக்கும் வளாகத்தின், அகலமோ சுமார் 120 மீட்டர்தான், விமானம் அதன் நடுவில் நிற்கிறது. வடக்கிலோ தெற்கிலோ சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாலும் 60 மீட்டரைத் தாண்டாது. இது புரியாமல் ஒரு சாயங்காலம் முழுக்க அங்கேயே பின்னால் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தேன்.

கிழக்கு மேற்காக நீளம் சுமார் 240 மீட்டர். எனவே ராஜராஜன் திருவாசல் தாண்டி உள்ளே நுழைந்ததும், நேரே நந்தியிடம் போகாமல் இடப்பக்கம் திரும்பித் தென்கிழக்கு மூலைப் பக்கம் நில்லுங்கள். விமானம் முழுசாக நிமிர்ந்து விழும். தரையைப் பிறகு கிராப் செய்துவிடலாம்.

வடபுறத்திலிருந்தோ தென்புறத்திலிருந்தோ எடுத்தே ஆகவேண்டும் என்றால் 0.5 என்ற அகலக்கோண லென்ஸுக்கு மாறுங்கள். அப்போதும் போன் நேராகவே இருக்கட்டும். உச்சிக் கலசம் படத்தின் விளிம்பைத் தொடக்கூடாது, அங்கே உருவம் இழுபட்டு நீளும்.

வெளிச்சம். வானம் வெளுத்துக் கிடந்தால் கல் கருத்துப்போகும், கல்லுக்குப் பார்த்தால் வானம் வெள்ளையாகிவிடும். விமானத்தின் மேல் விரலை அழுத்தி ஃபோகஸைப் பூட்டிவிட்டு, வெளிச்சத்தைச் சற்றே குறையுங்கள். கல்லின் இருட்டைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம், வெளுத்த வானத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

திருத்தம். எனக்கு ஸ்னாப்சீட்தான் பிடிக்கும், இலவசம். அதில் பெர்ஸ்பெக்டிவ் கருவியை எடுத்து, மிச்சமிருக்கும் சாய்வை மட்டும் நிமிர்த்துங்கள். நிறையச் சாய்த்து எடுத்த படத்தை இதில் காப்பாற்றப் பார்க்காதீர்கள், மேல்பகுதி பருத்து விமானத்தின் அளவே மாறிவிடும். மேலே போகப் போகக் குறுகும் அந்த 13 அடுக்குகளின் கணக்கைக் கெடுக்க எனக்கு மனம் வராது.

பின்சேர்க்கை: ட்ரைபாட் கொண்டுபோகலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். இது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோயில், ட்ரைபாடுக்கு முன் அனுமதி வாங்க வேண்டும். கருவறைக்குள் படம் எடுக்கக்கூடாது.

இன்னொருவருக்குக் கல்வெட்டு எழுத்துகள் தெளிவாக விழவில்லையாம். ஃப்ளாஷ் போட்டிருக்கிறார். முன்னாலிருந்து வெளிச்சம் அடித்தால் எழுத்தின் பள்ளம் மறைந்துபோகும். வெயில் சுவரை உரசிக்கொண்டு பக்கவாட்டில் வரும் நேரத்துக்குக் காத்திருங்கள். ஒவ்வொரு எழுத்தின் ஓரத்திலும் மெல்லிய நிழல் கட்டும். அதிட்டானத்தில், அதாவது விமானத்தின் அடிப்பீடத்தில், ‘நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும்’ என்று ராஜராஜன் வெட்டச் சொன்ன வரியை அப்படி ஒரு வெளிச்சத்தில் எடுத்துப் பாருங்கள்.