முதலில் ரிட்டர்ன் லைனை வரையுங்கள்

நான் விமானம் ஓட்டுகிறவன் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பத்தோரு வருஷம் டீசல் பம்ப், இன்ஜெக்டர் வேலை பார்த்தவன். என் அக்கா மகன் டெக்சாஸில் தன் வீட்டு ஷெட்டிலேயே இரண்டு பேர் உட்காரும் விமானம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறான். இறக்கை கீழே, டேங்க் இறக்கைக்குள்ளே, இந்தப் பக்கம் 70 லிட்டர், அந்தப் பக்கம் 70. என்ஜின் மாஸ்டாவின் 13பி ரோட்டரி. லீவுக்கு வந்தவன் சூட்கேஸைத் திறந்தால் சாக்லேட்டுக்குப் பதில் புத்தம்புது ஃப்யூயல் ரெயில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பங்கிடும் குழாய்), பெட்ரோலை என்ஜினுக்குள் பீச்சும் நாலு இன்ஜெக்டர், பிரஷரைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், இரண்டு எலெக்ட்ரிக் பம்ப். "மாமா, பெட்ரோல் லைன் மட்டும் நீங்க பார்த்துக் குடுங்க" என்றான்.

ரோட்டரி என்றதும் பயந்துவிட வேண்டாம். பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை. 654 சிசி அறை இரண்டு, அதில் முக்கோணம் மாதிரி இரண்டு ரோட்டர், அவ்வளவுதான். 1991இல் லு மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜெயித்த மாஸ்டா காரிலும் இதே ஜாதி என்ஜின்தான், நாலு ரோட்டர். சாதாரண பெட்ரோலையே சத்தம் போடாமல் குடிக்கும். வம்பு என்ஜினில் இல்லை. டேங்கிலிருந்து ரெயில் வரைக்கும், ரெயிலிலிருந்து திரும்ப டேங்க் வரைக்கும் உள்ள பைப்பில்தான் இருக்கிறது.

அவன் கொண்டுவந்த படத்தில் போகும் லைனை அழகாக வரைந்திருந்தான். ரெகுலேட்டரிலிருந்து திரும்பும் லைன் பென்சிலால் ஒரு கோடு, அதுவும் இடது டேங்கில் போய் முடிந்தது. கார்புரேட்டர் பழக்கம் உள்ளவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு இது. கார்புரேட்டர் தனக்கு வேண்டியதை மட்டும் வாங்கிக்கொள்ளும். இன்ஜெக்‌ஷன் அப்படி இல்லை. பம்ப் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 3 கிலோ பிரஷரில் தள்ளிக்கொண்டே இருக்கும், என்ஜின் எடுத்ததுபோக மிச்சம் திரும்பி வரும்.

அந்த மிச்சம் எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள். ரோட்டரி ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் அரை பவுண்டு பெட்ரோல் எரிக்கும். நிதானமாக 100 குதிரைத்திறனில் பறந்தால் மணிக்கு 31 லிட்டர். முழு வேகத்தில் 180 என்றால் 55 லிட்டர். நாங்கள் பம்பை 3 கிலோவில் ஓடவிட்டு வாளியில் பிடித்தோம்: நிமிஷத்துக்கு 2.1 லிட்டர், மணிக்கு 126. ஆக, பறக்கும்போது முக்கால் பங்குக்கு மேல் திரும்பி வருகிறது.

அவன் படப்படி வலது டேங்கிலிருந்து எடுத்து இடது டேங்கில் விட்டால் வலது டேங்க் 33 நிமிஷத்தில் காலி. இடது டேங்க் ஏற்கெனவே நிரம்பியிருந்தால் வருவதெல்லாம் வென்ட் (டேங்குக்குள் காற்று போய்வரும் குழாய்) வழியாக வெளியே போய்விடும். மோட்டாரைப் போட்டுவிட்டு சீரியல் பார்க்கும் வீட்டில் மொட்டைமாடித் தொட்டி வழிவதுபோல. ஓட்டுகிறவன் மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பெட்ரோல் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பான்.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, எடுப்பதும் விடுவதும் ஒரே டேங்கில் வைத்துக்கொண்டு, மற்ற டேங்கிலிருந்து சின்ன பம்ப் ஒன்றால் இதில் மாற்றிக்கொள்வது. ஆனால் அந்த சின்ன பம்பைப் போட மறந்தாலும் வம்பு, நிறுத்த மறந்தாலும் வம்பு. இன்னொன்று டூப்ளெக்ஸ் வால்வு: கைப்பிடியைத் திருப்பினால் ஃபீடும் ரிட்டர்னும் சேர்ந்தே மாறும். விலை அதிகம்தான். நான் அதையே வாங்கச் சொன்னேன்.

நடுவில் 5 லிட்டரில் ஒரு குட்டி டேங்க் வைத்து ரிட்டர்னை அதிலேயே விடலாமே என்றான். வேண்டாம் என்றேன். 126 லிட்டர் ஓட்டத்துக்கு 5 லிட்டர் என்றால், அதே பெட்ரோல் இரண்டரை நிமிஷத்துக்கு ஒருமுறை சூடான என்ஜின் அறைக்குப் போய்வரும். ரோட்டரியின் எக்ஸாஸ்ட் சூட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். தரையில் நின்று காத்திருக்கிற நேரத்திலேயே ஆவி கட்டிவிடும். திரும்பும் பெட்ரோல் பெரிய டேங்குக்கே போகட்டும், அங்கே ஆறட்டும்.

அடுத்தது உறிஞ்சல். கைபம்பு அடித்துப் பழகிய சென்னைக்காரருக்கு இதை விளக்க வேண்டாம். மேலே இருந்து இழுக்கும் பம்ப் ஒரு ஆழத்துக்கு மேல் திணறும். உள்ளே இறக்கிய பம்ப் மாடிக்கே தள்ளும். பெட்ரோல் தண்ணீரைவிட மோசம். இழுத்தால் பிரஷர் குறையும், குறைந்தால் அது பைப்புக்குள்ளேயே கொதிக்கும். உயரே போனால் காற்றழுத்தமும் குறைவு.

நாங்கள் இங்கே என் ஷெட்டில் ஸ்லாட்டட் ஆங்கிளில் (ஓட்டை போட்ட இரும்புச் சட்டம்) ஒரு ஸ்டாண்ட் அடித்து, டேங்க், பம்ப், ரெயில் எல்லாவற்றையும் விமானத்தில் இருக்கப்போகும் அதே உயரத்தில் வைத்தோம். அவன் படத்தில் பம்ப் டேங்க் அடியைவிட ஒன்றரை அடி மேலே, என்ஜின் பக்கம். அதற்கு முன்னால் 10 மைக்ரான் ஃபில்டர். மே மாசம், மத்தியானம் ஒரு மணி, தகரக் கூரை. பத்து நிமிஷத்தில் பம்ப் சத்தம் மாறியது. 3 கிலோவில் நின்ற முள் ஒன்றரைக்கும் மூன்றுக்கும் குதித்தது. சோதனைக்கென்று போட்ட கண்ணாடி ஹோஸில் குமிழி குமிழியாக வந்தது. டீசல் வண்டியில் இதற்குப் பெயர் ஏர் வாங்குவது. இங்கே காற்றே உள்ளே போகவில்லை, எல்லாம் பெட்ரோலின் ஆவி.

மறுநாள் பம்பை டேங்க் அடிக்குக் கீழே இறக்கினோம். முன்னால் 100 மைக்ரான் வலை மட்டும், 10 மைக்ரான் ஃபில்டரைப் பம்புக்குப் பின்னால் தள்ளினோம். பைப் நடுவில் மேடு எதுவும் இல்லாமல் நேராக்கினோம். அதே மத்தியானம், அதே வெயில். முள் அசையவில்லை.

இந்த வேலையை நீங்கள் செய்தால் ஷெட்டுக்குள் செய்யாதீர்கள், வெளியே செய்யுங்கள். டிரம்முக்கு எர்த் கொடுங்கள், தீயணைக்கும் பவுடர் சிலிண்டரை எட்டும் தூரத்தில் வையுங்கள். லீக் பார்க்க மண்ணெண்ணெய் போதும். ஆவி பார்க்கத்தான் பெட்ரோல் வேண்டும்.

பம்ப் இரண்டு, பக்கம் பக்கமாக. ஒவ்வொன்றுக்கும் தனி சுவிட்ச், தனி ஃபியூஸ், தனி பேட்டரியிலிருந்து வயர், வாயில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு. அந்த வால்வு இல்லையென்றால் ஒரு பம்ப் தள்ளுவது ஓடாத பம்ப் வழியாகப் பின்னால் போய்விடும்.

பைப் 5052 ரக அலுமினியம், 3/8 அங்குலம். பைப் வாயை விரிக்கும் ஃப்ளேரிங் டூல் வாங்க செம்புதாஸ் தெருவுக்குப் போனவன் ஏசி மெக்கானிக் வைத்திருக்கும் டூலை வாங்கி வந்தான். அது 45 டிகிரி. விமான ஃபிட்டிங் 37 டிகிரி. முடுக்கும்போது பிடித்ததுபோல இருக்கும், பிறகு கசியும். அந்த டூல் இப்போது பக்கத்து ஷெட் ஏசிக்காரரிடம் இருக்கிறது. டெஃப்லான் டேப்பைக் கண்ணால்கூடப் பார்க்கக் கூடாது. ஒரு நூல் பிய்ந்து போனால் இன்ஜெக்டர் வாயில் உட்காரும். என் தொழிலில் அப்படி எத்தனையோ நூலை ஊசியால் எடுத்திருக்கிறேன். ரப்பர் ஹோஸ் என்றால் மேலே ஜே30ஆர்9 என்று (இன்ஜெக்‌ஷன் ஹோஸுக்கான தரக் குறி) அச்சடித்திருக்க வேண்டும். இங்கே பங்க்கில் கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோலில் சாதாரண ஹோஸ் துண்டு ஒன்றைப் பாட்டிலில் போட்டு வைத்தேன். பத்து நாளில் ஜவ்வாகிவிட்டது.

ரோட்டரிக்கே உரிய ஒரு விஷயம் ஆயில். ரோட்டரின் நுனியில் இருக்கும் சீலுக்கு எண்ணெய் வேண்டும். காரில் அதற்குத் தனி பம்ப் உண்டு. அதைக் கழற்றிவிட்டால், பழைய ஸ்கூட்டருக்குச் செய்ததுபோல 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயிலைப் பெட்ரோலில் கலக்க வேண்டும், லிட்டருக்குச் சுமார் 8 மில்லி.

கடைசிச் சோதனை வாளிதான். மேலேறும்போது மூக்கு தூக்கியிருக்கும் கோணத்துக்கு ஸ்டாண்டைச் சாய்த்து, டேங்கில் கொஞ்சமாகப் பெட்ரோல் விட்டு, ஒரே பம்பில் ஓட்டி, ரெயிலுக்கு வருவதைப் பிடித்து அளந்து பாருங்கள். சின்ன விமானங்களுக்கு 2017 வரை இருந்த அமெரிக்க விதி, பம்ப் உள்ள அமைப்பில் முழு வேகச் செலவைப் போல 125 சதவீதம் கேட்டது. எங்களுக்கு அது மணிக்கு 69 லிட்டர். வந்தது 118.

அவன் ஊருக்குப் போன பிறகு ஸ்டாண்டைத் துணி போட்டு மூடி வைத்தேன். மூணு வாரம் கழித்து மறுபடி ஓட்டினால் பம்ப் திணறுகிறது, தகர டேங்க் உள்வாங்குகிறது. வென்ட் பைப்பில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. உடனே போன் போட்டேன். "டேய், ஒவ்வொரு டேங்குக்கும் வென்ட் வாயில வலை போடு. வலைக்குப் பின்னாடி, உள்பக்கமா இன்னொரு சின்ன ஓட்டையும் வை." அங்கே அப்போது ராத்திரி இரண்டு மணி என்பது பிறகுதான் உறைத்தது.