பிரிண்டர் பெட்டில் பிஇஐ ஷீட் ஒட்டுவது: உப்புக் காற்று ஊர்க்காரர்களுக்கு

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் என் வீட்டு முன்னறையில்தான் 3டி பிரிண்டர் ஓடுகிறது. அதிகம் அடிப்பது வலை ஊசிகள். பிரிண்ட் உருவாகும் சூடான தட்டுதான் பெட். பிரிண்ட் அதில் பிடித்து நிற்கக் கண்ணாடித் தட்டில் பசைக்குச்சி தடவியே அலுத்துப்போய், அலுமினியத் தட்டில் பிஇஐ ஷீட் (பிரிண்ட் பசையில்லாமலே பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் தகடு) ஒட்டிக்கொண்டேன். இரண்டையும் பிணைப்பது டிரான்ஸ்ஃபர் டேப்.

சாதாரண டபுள் சைடு டேப்பின் நடுவே நுரையோ தாளோ இருக்கும். இதில் அது கிடையாது. பின்தாளில் பூசிய வெறும் அக்ரிலிக் பசைதான். அதனால் எங்கும் ஒரே கனம், பெட் சூட்டுக்கும் தாங்கும். நான் வாங்குவது 3எம் 468எம்பி, கனம் 0.13 மி.மீ. தட்டின் அகலத்துக்கு ஒரே தாளாக வாங்குங்கள். துண்டுகளாக ஒட்டினால் இணைப்பு வரி பிரிண்டின் அடியில் தெரியும்.

துடைப்பது

முக்கால்வாசி வேலை இதுதான். எங்கள் ஊரில் காலையில் துடைத்த கண்ணாடியில் மாலையில் விரலால் பெயர் எழுதலாம். முதல் தடவை, கச்சான் காற்று அடிக்கிற நாளில் தட்டைத் துடைத்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். வந்து ஒட்டினேன். ஒரே வாரத்தில் மூலை தூக்கிக்கொண்டது. பிரித்துப் பார்த்தால் பசை முழுக்கப் பொடி மணல்.

தட்டைக் கழற்றி, பாத்திரம் கழுவும் சோப்பும் நல்ல தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் எண்ணெய்ப் பசையை எடுக்கும், உப்பைக் கரைக்காது. உப்புக்குத் தண்ணீர்தான். காய்ந்ததும் சன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, ஆல்கஹாலால் ஒரு தடவை. அப்புறம் விரல் படக்கூடாது.

ஒட்டுவது

டேப்பைச் சுற்றிலும் ஒரு செ.மீ. கூடுதலாக வெட்டி, முதலில் ஷீட்டில் ஒட்டுங்கள். ஷீட்டில் டேப் ஒட்டும் பக்கத்துப் பாதுகாப்புப் படலத்தை மட்டும் உரியுங்கள்; மேல்பக்கத்துப் படலம் கடைசிவரை இருக்கட்டும். குமிழி வந்தால் பசைப் பக்கமாகவே மெல்லிய ஊசியால் குத்தி அமுக்கிவிடலாம். ஓரத்தைப் பிளேடால் சீவுங்கள்.

அடுத்து தட்டு. பின்தாளை முழுதாக உரிக்கவே உரிக்காதீர்கள். பட்டால் பட்டதுதான், நகர்த்த முடியாது. இரண்டு விரல் அகலம் உரித்து மடித்து, அந்த ஓரத்தைத் தட்டின் ஓரத்தோடு சேர்த்து அமுக்குங்கள். பிறகு ஒரு கை பின்தாளை இழுக்க, மறு கை துணி சுற்றிய சப்பாத்திக் கட்டையை உருட்டிக்கொண்டே போகட்டும். அவசரப்பட்டால் காற்று உள்ளே மாட்டிக்கொள்ளும். முடிந்ததும் நன்றாக அழுத்தி உருட்டுங்கள். இந்தப் பசை அழுத்தத்தில்தான் பிடிக்கும். முழுப்பிடி வர 72 மணி நேரம் ஆகும். நான் ஒரு நாளாவது விடுவேன்.

ஓட்டும் முன்

பெட் இப்போது உயர்ந்திருக்கிறது. என் ஷீட் 0.75 மி.மீ.; டேப்போடு கிட்டத்தட்ட 0.9. நாசிலை (பிளாஸ்டிக் உருகி வரும் முனை) அதற்கேற்ப ஏற்றாமல் ஹோம் கொடுத்தால், அதாவது தொடக்க இடத்துக்கு அனுப்பினால், புது ஷீட்டில் கோடு விழும். பெட்டின் உயரம் பார்க்க, உலோகத்தை மட்டும் உணரும் சென்சார் உள்ளவர்கள் ரொம்பவே கவனம்: அதன் கண்ணுக்கு ஷீட் தெரியாது.

பழையதைக் கழற்ற

ஸ்குரூடிரைவரால் நெம்பினால் தட்டு கீறிப்போகும். பெட்டை 80 டிகிரிக்குச் சூடாக்கி, தங்கூசி நரம்பு (நைலான் தூண்டில் நரம்பு) ஒரு முழம் எடுத்து, இரு முனையையும் குச்சியில் சுற்றிக்கொண்டு, ஷீட்டுக்கும் தட்டுக்கும் நடுவே ரம்பம்போல் இழுங்கள். கையுறை மறக்க வேண்டாம். மிச்சப் பசையைக் கட்டைவிரலால் உருட்டினால் உருண்டையாக வந்துவிடும்.