ஆனர்ஸுக்கு முன் மீண்டும் ஒரு பல்கலைக்கழக மாற்றமா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுச் சமையலறை மேசையின் மேல் ஓர் ஆகஸ்டு மாத மாலையில் ஒரு பெண் மூன்று காகிதங்களைப் பரப்பி வைத்தாள். முதலாவது, அவள் முதலாண்டைத் தொலைநிலைக் கல்வியில் படித்தபோது பெற்ற மதிப்பெண் பட்டியல். இரண்டாவது, டர்பனில் இப்போது படித்துக்கொண்டிருக்கும் இரண்டாம் ஆண்டின் முதல் செமஸ்டர் மதிப்பெண்கள். மூன்றாவது, கேப் டவுனில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் விண்ணப்பப் படிவம். "அக்கா, இந்த இடம் எனக்குச் சரிப்படவில்லை. மூன்றாம் ஆண்டை அங்கே போய் முடித்துவிட்டு, அங்கேயே ஆனர்ஸ் சேர்ந்துவிடலாம் என்று பார்க்கிறேன்" என்றாள். அடுப்பருகே நின்றிருந்த அவளுடைய அம்மா, "நீங்களே சொல்லுங்கள், மறுபடியுமா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

நானும் இரண்டு முறை பல்கலைக்கழகம் மாறியவள். முதல் மாற்றம் எனக்கு நன்மையாக முடிந்தது. இரண்டாவது மாற்றம் என்னிடமிருந்து ஓர் ஆண்டை எடுத்துக்கொண்டது. அதனால் அந்தத் தாயின் கேள்விக்கு உடனே "வேண்டாம்" என்றும் சொல்ல முடியவில்லை, "போகட்டும்" என்றும் சொல்ல முடியவில்லை. மேசையில் இருந்த காகிதங்களை எடுத்து, பென்சிலால் கணக்குப் போடத் தொடங்கினேன். பட்டமேற்படிப்பை மனத்தில் வைத்துக்கொண்டு இரண்டாவது முறை இடம் மாற நினைக்கும் பிள்ளைகள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை அந்தக் கணக்கைப் போடாமல் விடுவதிலிருந்தே பிறக்கின்றன.

கதவு எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் சுவரை இடிப்பது

எல்லாவற்றிலும் பெரிய தவறு, தென்னாப்பிரிக்கப் பட்டங்களின் அமைப்பைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் முடிவெடுப்பதுதான். நம் உறவினர்களில் சிலர் சென்னையிலும் கோவையிலும் இருக்கிறார்கள்; அவர்கள் ஆனர்ஸ் என்றால் இளங்கலைப் பட்டத்தோடு சேர்ந்தே வரும் ஒரு சிறப்பு என்று எண்ணிக்கொண்டு ஆலோசனை சொல்வார்கள். இங்கே அப்படியில்லை. பொதுவான இளங்கலைப் பட்டம் மூன்றாண்டுப் படிப்பு, குறைந்தது 360 கிரெடிட், பட்டங்களைப் படிநிலையாக வரிசைப்படுத்தும் தேசியத் தகுதிச் சட்டகத்தில் 7ஆம் நிலை. ஆனர்ஸ் என்பது அதற்குப் பிறகு தனியாக விண்ணப்பித்துச் சேரும் ஓராண்டுப் படிப்பு, 120 கிரெடிட், 8ஆம் நிலை. அதை முடித்த பிறகுதான் 9ஆம் நிலையில் முதுகலையும், 10ஆம் நிலையில் முனைவர் பட்டமும் வருகின்றன. பொறியியல், சட்டம் போன்ற நான்காண்டுத் தொழிற்பட்டங்கள் 8ஆம் நிலையிலேயே முடிவதால் அவற்றைப் படிப்பவர்களுக்கு இந்தப் பாதை சற்று வேறுபடும்.

இதன் பொருள் என்ன? மூன்றாண்டுப் பட்டம் முடிந்த இடத்தில் இந்த அமைப்பே ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அந்தக் கதவின் வழியாக எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் போகலாம். ஒரு கிரெடிட்டும் வீணாகாது, எந்த மாட்யூலையும் (பாட அலகையும்) திரும்பப் படிக்க வேண்டியதில்லை, முடித்த பட்டம் முழுதாகக் கையில் இருக்கும். டர்பனில் இளங்கலை, கேப் டவுனில் ஆனர்ஸ், ஜொகன்னஸ்பர்கில் முதுகலை என்று படித்தவர்களை யாரும் "இடம் மாறி மாறிப் படித்தவர்" என்று சொல்வதில்லை. இரண்டாம் ஆண்டின் நடுவில் இருக்கும் ஒருவருக்கு அந்தக் கதவு இன்னும் ஒன்றரை ஆண்டில் வந்துவிடும். அதுவரை பொறுக்க முடியுமா முடியாதா என்பதுதான் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. அதைக் கேட்காமலேயே பலர் விண்ணப்பப் படிவத்தைத் திறந்துவிடுகிறார்கள்.

கிரெடிட் எண்ணிக்கையை நம்பி மாட்யூலின் பெயரை விட்டுவிடுவது

ஒரு கிரெடிட் என்பது ஏறத்தாழ 10 மணி நேரப் படிப்பு. நாடு முழுவதும் இதே அளவுகோல்தான் என்பதால், 120 கிரெடிட் எங்கே போனாலும் 120 கிரெடிட்டாகவே இருக்கும் என்று மாணவர்கள் நம்பிவிடுகிறார்கள். நானும் நம்பினேன். எனது இரண்டாவது மாற்றத்தின்போது புதிய இடத்தில் என் கிரெடிட்டுகள் அனைத்தையும் ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்தது. நானும் மகிழ்ச்சியோடு பெட்டி கட்டினேன். போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, நான் 71 மதிப்பெண் எடுத்திருந்த புள்ளியியல் மாட்யூல் அங்கே "பொதுக் கிரெடிட்" என்று மட்டுமே பதிவாகியிருக்கிறது. பட்டத்தின் மொத்த எண்ணிக்கையில் அது சேர்ந்தது; ஆனால் மூன்றாம் ஆண்டு ஆய்வு முறையியலுக்கு முன்தேவையாக இருந்த அவர்களுடைய புள்ளியியல் மாட்யூலுக்கு ஈடாக அது எடுத்துக்கொள்ளப்படவில்லை. அந்த மாட்யூல் முதல் செமஸ்டரில் மட்டுமே நடந்தது. நான் அதைத் திரும்பப் படித்து, ஆய்வு முறையியலுக்காக அடுத்த ஆண்டு வரை காத்திருந்தேன். கடிதத்தில் பொய் ஏதும் இல்லை. கேட்க வேண்டியதை நான் கேட்கவில்லை.

அந்தப் பெண்ணின் காகிதங்களிலும் இதே சிக்கல் வேறு வடிவில் இருந்தது. அவள் முதலாண்டு படித்த தொலைநிலைப் பல்கலைக்கழகமான யூனிசாவில் ஒரு மாட்யூல் பெரும்பாலும் 12 கிரெடிட். டர்பனில் இப்போது படிக்கும் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தில் பெரும்பாலும் 16. பத்து 12-கிரெடிட் மாட்யூல்களை எட்டு 16-கிரெடிட் மாட்யூல்களின் இடத்தில் வைத்துப் பாருங்கள்: இரண்டு மாட்யூல்களுக்கு இணையே கிடைக்காது, மற்றவற்றில் ஒவ்வொன்றுக்கும் நான்கு கிரெடிட் குறையும். முதல் மாற்றத்திலேயே இப்படி ஏற்பட்ட ஓட்டை அவளுடைய பட்டியலில் இருந்தது. இரண்டாவது மாற்றம் அந்த ஓட்டையை அடைக்காது. அதன் மேல் இன்னொன்றைப் போடும். முதல் இடத்துப் பாடங்களை மூன்றாவது இடம் மதிப்பிடும்போது, இரண்டாவது இடம் அவற்றை ஏற்றுக்கொண்டது என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டிய கட்டாயமும் அதற்கு இல்லை. மூலப் பாடத்திட்டத்தையே திரும்பக் கேட்பார்கள்.

இதைவிடக் கடுமையான விதி ஒன்று உண்டு. பட்டத்தின் பாதிக் கிரெடிட்டுகளையாவது தம்மிடம் படித்திருக்க வேண்டும், முதன்மைப் பாடத்தின் இறுதியாண்டு மாட்யூல்களைத் தம்மிடமே முடித்திருக்க வேண்டும் என்று பல பல்கலைக்கழகங்கள் வைத்திருக்கின்றன. 360இல் பாதி 180. ஓர் ஆண்டின் முழுச் சுமை 120 அல்லது 128 கிரெடிட். ஆக, "மூன்றாம் ஆண்டை மட்டும் அங்கே முடித்துவிடுகிறேன்" என்று அவள் சொன்ன திட்டம் காகிதத்திலேயே ஒன்றரை ஆண்டாகிவிடுகிறது. முன்தேவைகளையும் செமஸ்டர் அட்டவணையையும் சேர்த்தால் இரண்டாண்டு. பென்சிலை மேசையில் வைத்தபோது அவள் அந்த எண்ணை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகவே எழுத்தில் கேளுங்கள். சேர்க்கை உதவி எண்ணில் பேசும் ஊழியரின் வாய்மொழி போதாது; புல அலுவலகம் ஒவ்வொரு மாட்யூலுக்கும் எதிரே அவர்களுடைய எந்த மாட்யூலுக்கு ஈடு என்று எழுதித் தர வேண்டும். "எத்தனை கிரெடிட் ஏற்பீர்கள்" என்பதோடு நிறுத்தாமல், "எந்த மாட்யூலின் இடத்தில் ஏற்பீர்கள், அதற்கு அடுத்ததில் நான் நேராகச் சேரலாமா, உங்களிடம் குறைந்தது எத்தனை கிரெடிட் படிக்க வேண்டும்" என்றும் கேட்க வேண்டும்.

மதிப்பெண்ணும் அறிமுகமும்

ஆனர்ஸ் தேர்வுக் குழு முதலில் பார்ப்பது மூன்றாம் ஆண்டு முதன்மைப் பாடங்களின் சராசரியைத்தான். பல துறைகள் 60 அல்லது 65 விழுக்காட்டைக் குறைந்தபட்ச எல்லையாக வைக்கின்றன. உளவியல் போன்ற துறைகளில் இடங்கள் மிகக் குறைவு என்பதால் அந்த எல்லையைத் தாண்டியும் பலர் வெளியே நிற்கிறார்கள். மருத்துவ உளவியலாளராக விரும்பும் பிள்ளைகள் ஆனர்ஸ், முதுகலை, ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சி, ஓராண்டு சமூக சேவை என்று நீண்ட வரிசையைக் கடக்க வேண்டியிருக்கிறது. அதில் மிகக் குறுகலான வாசல்களில் ஒன்றை நெருங்கும் ஆண்டிலா புது ஊர், புது விடுதி, புதுத் தேர்வு முறை எல்லாவற்றையும் ஒருசேரத் தலையில் ஏற்றிக்கொள்வது? இடம் மாறிய முதல் செமஸ்டரில் மதிப்பெண் சரிவது பலருக்கும் நேர்வதுதான். முதலாண்டில் சரிந்தால் மீளலாம். மூன்றாம் ஆண்டில் சரிந்த மதிப்பெண்தான் விண்ணப்பத்தோடு போகும்.

பரிந்துரைக் கடிதத்தைப் பற்றி இந்த வயதில் யாரும் நினைப்பதில்லை. ஆனர்ஸுக்கான விண்ணப்பங்கள் பெரும்பாலும் மூன்றாம் ஆண்டின் பிற்பாதியில், பல இடங்களில் செப்டம்பர் இறுதிக்குள் முடிந்துவிடும். பிப்ரவரியில் புது இடத்தில் சேர்ந்த மாணவியை ஆகஸ்டில் எந்த விரிவுரையாளர் அறிந்திருப்பார்? இரண்டு ஆண்டுகளாகத் தன் கட்டுரைகளைத் திருத்திய ஆசிரியரை விட்டுவிட்டு, தன் பெயரே தெரியாத ஒருவரிடம் கடிதம் கேட்கும் நிலைக்கு அவள் வந்துவிடுவாள்.

அமெரிக்காவுக்குப் போக நினைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அங்குள்ள பல பட்டமேற்படிப்புத் துறைகள் நான்காண்டு இளங்கலைப் படிப்பை எதிர்பார்க்கின்றன. நம் மூன்றாண்டும் ஆனர்ஸும் சேர்ந்துதான் அந்த நான்கை நிறைவு செய்யும். விண்ணப்பிக்கும்போது படித்த இடங்கள் எல்லாவற்றின் டிரான்ஸ்கிரிப்டையும் (மதிப்பெண் ஆவணத்தையும்) கேட்பார்கள். உள்நாட்டுப் படிவங்களும் முந்தைய பதிவுகளைக் கேட்கின்றன. பாதியில் விட்ட இடத்தை மறைப்பது சிறிய விஷயம் என்று எண்ணி எழுதாமல் விடாதீர்கள். பின்னால் தெரியவந்தால் சேர்க்கையே ரத்தாகலாம். மாறியதற்கான காரணத்தை இரண்டு வரியில் நேராகச் சொன்னால் போதும்.

பணம்

அரசின் மாணவர் நிதியுதவித் திட்டமான என்.எஸ்.எஃப்.ஏ.எஸ்., ஆண்டுக்கு 3,50,000 ராண்டுக்கு மேற்படாத குடும்ப வருமானம் உள்ளவர்களுக்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் முதல் இளங்கலைப் பட்டத்துக்குப் பணம் தருகிறது. ஆனால் 2018 முதல் சேர்ந்தவர்களுக்குப் பட்டத்தின் குறைந்தபட்சக் காலத்தோடு ஓர் ஆண்டுதான் கூடுதல். மூன்றாண்டுப் பட்டத்துக்கு நான்காண்டு. இடம் மாறினால் இந்தக் கடிகாரம் புதிதாகத் தொடங்காது. முன்பு படித்த ஆண்டுகளும் அதில் சேரும். அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே இரண்டு, கேப் டவுனில் இன்னும் இரண்டு. மொத்தம் நான்கு. ஒரு மாட்யூலில் தவறினாலும் ஐந்தாம் ஆண்டுக்கு வீட்டுப் பணம்தான். ஆனர்ஸ் படிப்புக்கு இந்தத் திட்டம் பொதுவாக உதவுவதில்லை; தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை போன்றவை தரும் பர்சரிகளுக்கு (உதவித்தொகைகளுக்கு) நல்ல மதிப்பெண் வேண்டும்.

பழைய இடத்தில் கட்டணப் பாக்கி இருந்தால் அதையும் முதலில் பாருங்கள். பாக்கியைக் காரணம் காட்டி மதிப்பெண் ஆவணங்களைத் தடுத்து வைப்பது இந்நாட்டில் வழக்கமாக நடப்பதுதான். புதிய இடம் கேட்கும் டிரான்ஸ்கிரிப்டும் நன்னடத்தைச் சான்றிதழும் பழைய இடத்துக் கணக்கு அலுவலகத்தின் கையில் சிக்கிக்கொண்டால் சேர்க்கைத் தேதி நமக்காகக் காத்திருக்காது.

தனியார் கல்லூரிக்கு மாற நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தக் கல்லூரி உயர்கல்வித் துறையில் பதிவு பெற்றதா, நீங்கள் சேரும் பட்டம் உயர்கல்வி மன்றத்தின் அங்கீகாரத்தோடு தகுதிச் சட்டகத்தில் பதிவாகியிருக்கிறதா என்று இரண்டையும் தனித்தனியாகச் சரிபாருங்கள். கல்லூரிக்குப் பதிவு இருந்து, குறிப்பிட்ட படிப்புக்கு அங்கீகாரம் இல்லாமல் இருக்க முடியும். அப்படிப்பட்ட பட்டத்தோடு ஆனர்ஸ் வாசலில் நிற்க முடியாது. என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். பணமும் அங்கே வராது.

வீட்டில் பேசும் பேச்சு

நம் வீடுகளில் இந்தப் பேச்சு பெரும்பாலும் ஜனவரியில்தான் தொடங்குகிறது. தைப்பூசக் காவடிக்கு விரதம் இருக்கும் நாட்களும் பல்கலைக்கழகப் பதிவு நாட்களும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். பெரியம்மா ஒன்று சொல்வார், மாமா ஒன்று சொல்வார், அந்த அவசரத்தில் பிள்ளை பழைய இடத்தில் பதிவை ரத்து செய்துவிடும். புதிய இடத்தின் உறுதிக் கடிதம் கைக்கு வரும் வரை பழைய இடத்தை விடக்கூடாது. முடிவை ஆகஸ்டிலேயே எடுக்க வேண்டும்.

இரண்டாவது முறை மாறுவதைக் குடும்ப மானப் பிரச்சினையாக்குவதும் தவறுதான். பல்கலைக்கழகக் கல்வியை இனவாரியாகப் பிரித்த 1959ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு இந்தியர்களுக்கென்று டர்பன் துறைமுகத்திலுள்ள சால்ஸ்பரி தீவில் 1961இல் கல்லூரி தொடங்கப்பட்டது. எங்கள் அப்பா தலைமுறைக்கு இனம் பார்த்துத்தான் இடம் ஒதுக்கப்பட்டது. இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நம் பிள்ளைகளுக்குப் பெரும் விலை கொடுத்துக் கிடைத்தது. அவர்கள் அதைப் பயன்படுத்தும்போது "ஓரிடத்தில் நிலைக்காதவள்" என்று பெயர் சூட்டாதீர்கள்.

ஏனென்றால் உண்மையிலேயே மாற வேண்டிய நிலைகளும் உண்டு. ஆனர்ஸில் படிக்க விரும்பும் பாடத்தை இப்போதைய இடம் மூன்றாம் ஆண்டு முதன்மைப் பாடமாகவே நடத்தாவிட்டால், காத்திருந்து பயனில்லை. அந்தப் பாடம் இல்லாத பட்டத்தோடு ஆனர்ஸ் கதவு திறக்காது. படிப்புக்கு அங்கீகாரம் இல்லையென்று தெரிந்தால் அன்றே கிளம்ப வேண்டும். மாணவியின் பாதுகாப்புக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து என்றால் ஓராண்டு இழப்பு ஒரு பொருட்டே அல்ல. நண்பர்கள் அமையவில்லை, ஊரின் பெயர் பெரிதாக இருக்கிறது, ஒரு விரிவுரையாளரைப் பிடிக்கவில்லை என்பவை வேறு. அந்த மனச்சோர்வு பொய்யானது என்று நான் சொல்லமாட்டேன். அதற்கு மாணவர் ஆலோசகரிடம் போகலாம், விடுதியை மாற்றலாம், வகுப்புப் பிரிவை மாற்றலாம்.

அந்தப் பெண்ணிடம் நான் கேட்டது ஒன்றுதான்: கேப் டவுனில் அவள் விரும்பும் துறையின் ஆனர்ஸ் ஒருங்கிணைப்பாளருக்கு நேராக ஒரு மின்னஞ்சல் எழுதும்படி. டர்பனில் பட்டம் முடித்தவர்களை எடுப்பீர்களா, எந்த மூன்றாம் ஆண்டு மாட்யூல்கள் இருக்க வேண்டும், சராசரி எவ்வளவு வேண்டும் என்று மூன்றே கேள்விகள். ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. எடுப்போம், ஆய்வு முறையியல் கட்டாயம், 65 விழுக்காடு. அவள் டர்பனிலேயே மூன்றாம் ஆண்டுக்குப் பதிவு செய்தாள். அந்த மின்னஞ்சலை அச்செடுத்து, மூன்று காகிதங்களையும் வைத்திருந்த அதே கோப்பில் எல்லாவற்றுக்கும் மேலாக வைத்திருக்கிறாள்.